கால் விரல் கோணினால்: வீட்டுச் சோதனையிலிருந்து அறுவை சிகிச்சை வரை

கால் விரல் மடங்கியோ சாய்ந்தோ போனவர்கள் முதலில் கேட்பது "இதை நேராக்க முடியுமா?" என்றுதான். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். கையால் நிமிர்த்தினால் விரல் நிமிர்கிறதா? தொட்டால் தெரிகிறதா? நிமிர்கிற விரலுக்கு ஒரு வைத்தியம், இறுகிப்போன விரலுக்கு வேறு வைத்தியம். உணர்வுள்ள காலில் வலியைக் குறைத்தால் போதும். மரத்துப்போன காலில் வலியே இருக்காது, அங்கே புண் வராமல் காப்பதுதான் முழு வேலையும். பார்க்க எவ்வளவு கோணல் என்பது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

வேலூர்க்காரர்களுக்கு இந்த இரண்டாவது கேள்வி புதிதல்ல. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, உணர்வு இல்லாததால் தெரியாமல் படும் காயங்களால்தான் தேய்கின்றன என்பதை இங்கேதான் கண்டறிந்து சொன்னார். 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையமும் அதே வழியில் மடங்கிய விரல்களுக்கு அறுவையும் மரத்த காலுக்குச் செருப்பும் செய்து பழகிய இடம். தொழுநோய்க்காகக் கற்ற அந்தப் பாடம் இன்று சர்க்கரை நோயாளிகளின் காலுக்கு அப்படியே பொருந்துகிறது.

முதலில் உணர்வுச் சோதனை

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கூட ஒருவர் இருந்தால் போதும். சோதிக்கப்படுபவர் படுத்தோ காலை நீட்டி உட்கார்ந்தோ கண்ணை மூடிக்கொள்ளட்டும். மற்றவர் தன் ஆட்காட்டி விரல் நுனியால் அவருடைய கால் விரல் நுனியை மெல்லத் தொட வேண்டும். ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு. அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசையில் ஆறு இடம். தொட்டது தெரிந்ததும் "வலது", "இடது" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடத்தை மறுபடி தொட்டுப் பார்க்காதீர்கள். தெரியவில்லை என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்வு குறைந்திருக்கிறது என்று பொருள். மருத்துவமனையில் இதையே 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உறுதி செய்வார்கள். வீட்டில் இந்தச் சோதனை பெரும்பாலும் தவறுவது ஒரே இடத்தில்தான். பெரியவர் "தெரியலையே" என்றதும் பிள்ளைகள் கொஞ்சம் அழுத்திப் பார்ப்பார்கள், அவரும் "ஆங், இப்போ தெரியுது" என்பார். அழுத்தம் வேறு, தொடு உணர்வு வேறு. அப்படிக் கிடைக்கும் பதிலை நம்பி ஏமாறக் கூடாது.

மரத்துப்போனதற்குக் காரணம் சர்க்கரையாக இருக்கலாம், முதுகுத்தண்டு நரம்பாக இருக்கலாம், மதுவாகவும் இருக்கலாம். வெளுத்த, உணர்வில்லாத தேமல் உடம்பில் எங்காவது இருந்தால் தொழுநோயையும் பார்த்துவிட வேண்டும். தொழுநோய்க்கான கூட்டு மருந்து சிகிச்சை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டியிருக்கும். நரம்பு கெட்டு ஆறு மாதத்துக்குள் வந்தால் ஸ்டீராய்டு மருந்தில் உணர்வும் பலமும் ஓரளவு திரும்ப வாய்ப்புண்டு. தள்ளிப்போட்டால் கிருமி செத்தாலும் மரத்தது மரத்ததாகவே நின்றுவிடும்.

பிறகு நிமிர்வுச் சோதனை

நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். விரல்களுக்குப் பின்னால் உள்ளங்காலின் முன்மேடு இருக்கிறதல்லவா, மடங்கிய விரலுக்கு நேர் கீழே அந்த மேட்டில் உங்கள் கட்டைவிரலை வைத்து மேல்நோக்கித் தள்ளுங்கள். நிற்கும்போது தரை தள்ளுவதைப் போன்ற தள்ளல் இது. விரல் தானாக நீண்டு நேரானால் அது இளகிய கோணல். பாதி நிமிர்ந்து நின்றால் இறுகத் தொடங்கிவிட்டது. கையால் இழுத்தும் அசையாவிட்டால் மூட்டே இறுகிப்போயிற்று, அந்த விரலுக்கு டேப்பும் பயிற்சியும் வேண்டாத வேலை.

பெருவிரலுக்குத் தனியாக ஒரு சோதனை. விரலைப் பிடித்து மேலும் கீழும் வளைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சாய்ந்திருந்தாலும் மேல்நோக்கித் தாராளமாக வளைந்தால் அது ஒரு நோய் (கீழே வரும் ஹாலக்ஸ் வால்கஸ்). நேராகவே இருந்து மேல்நோக்கி வளைக்கும்போது மட்டும் முட்டி நின்று வலித்தால் அது வேறொரு நோய் (கீழே வரும் ஹாலக்ஸ் ரிஜிடஸ்). இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு தவறான செருப்பு வாங்குகிறவர்கள் நிறைய.

எந்தக் கோணல் எது

பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து, அதன் அடிமூட்டு உள்பக்கமாகப் புடைத்து நிற்பது ஹாலக்ஸ் வால்கஸ். அந்தப் புடைப்பைத்தான் டாக்டர்கள் பனியன் என்பார்கள். காலைக் காட்டப்போன இடத்தில் பனியன் என்று கேட்டதும் உள்சட்டையைக் குனிந்து பார்த்தவர்களைப் பற்றிய நகைச்சுவை எல்லா எலும்பு முறிவுப் பிரிவிலும் உண்டு. எலும்பு புதிதாக வளர்ந்துவிட்டது, செதுக்கி எடுத்தால் சரியாகிவிடும் என்பது பரவலான எண்ணம். அங்கே பெரிதாக ஒன்றும் முளைக்கவில்லை. பாதத்தின் முதல் நீள எலும்பு உள்பக்கம் ஒதுங்க, பெருவிரல் எதிர்ப்பக்கம் சாய, இரண்டும் சேரும் முனைதான் புடைப்பாகத் தெரிகிறது. அதனால்தான் புடைப்பை மட்டும் செதுக்கினால் கோணல் திரும்பி வருகிறது. குடும்ப வாகு முக்கியக் காரணம், பெண்களுக்கு அதிகம், குறுகிய செருப்பு அதை வேகப்படுத்தும். நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் சாய்வு 15 பாகைக்குள் இருந்தால் இயல்பு, 20 வரை லேசானது, 20 முதல் 40 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. படுத்தபடி எடுத்த படத்தில் எடை விழாததால் சாய்வு குறைத்துத் தெரியும். "நின்னுக்கிட்டே எடுக்கணுமா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

சின்ன விரல்களின் கோணலில் மூன்று வகை. நடுமூட்டு மட்டும் மடங்கினால் ஹாமர் டோ, பெரும்பாலும் இரண்டாம் விரலில் வரும். நகத்தை ஒட்டிய கடைசி மூட்டு மட்டும் தொங்கினால் மாலெட் டோ, அதில் விரல் நுனி தரையில் குத்தி நகத்தடியில் காய்ப்பு விழும். அடிமூட்டு மேலே தூக்கி, நடுவும் நுனியும் கீழே மடங்கிப் பறவை நகம் போல நின்றால் கிளா டோ. இந்த மூன்றாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பாதத்துக்குள்ளேயே இருக்கும் குட்டித் தசைகள் விரலை நீட்டி வைத்திருக்கின்றன. கீழ்க்காலிலிருந்து வரும் நீளத் தசைநாண்கள் விரலை மடக்கவும் தூக்கவும் செய்கின்றன. நரம்பு கெட்டுக் குட்டித் தசை சோர்ந்தால் நீள நாண்களை எதிர்த்து நிற்க ஆளில்லை. மேல்நாண் அடிமூட்டைத் தூக்கும், கீழ்நாண் நுனியை மடக்கும். அடிமூட்டு தூக்கியதும் உள்ளங்கால் முன்மேட்டில் மெத்தை போல இருந்த கொழுப்பு விரல்கள் பக்கம் நகர்ந்துவிடும். எலும்பு முனை நேராகத் தோலை அழுத்தும். ஆக ஒரு கிளா விரல் மூன்று இடத்தில் புண் வைக்கக் காத்திருக்கிறது: மடங்கிய மூட்டின் மேல்பக்கம், தரையில் குத்தும் நுனி, முன்மேட்டின் அடி. தினமும் காலைப் பார்க்கிறவர் இந்த மூன்று இடத்தையும் பார்த்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

பெருவிரல் அடிமூட்டு தேய்ந்து மேல்பக்கம் எலும்பு முண்டு தட்டி வளையாமல் போவது ஹாலக்ஸ் ரிஜிடஸ். இதற்கு வளையாத, முன்பக்கம் படகு போல வளைந்தெழும் அடிப்பாகமுள்ள ஷூ வேண்டும். மெத்தென்று வளையும் செருப்பு வலியைக் கூட்டும். சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறிக்கொள்வது பெரும்பாலும் பிறவியிலிருந்தே இருப்பது, உரசிப் புண்ணாகாதவரை அதைத் தொட வேண்டியதில்லை.

கோணல் என்று நினைத்து வருவதில் வேறு சிலவும் உண்டு. ராத்திரியில் திடீரென்று பெருவிரல் அடி சிவந்து, போர்வை பட்டால்கூட உயிர் போகிறது என்றால் அது கவுட், யூரிக் அமிலச் சிக்கல். இரண்டு காலிலும் எல்லா விரலும் வெளிப்பக்கம் சாய்கின்றன, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கை கால் விறைத்திருக்கிறது என்றால் முடக்குவாத மருத்துவரிடம் போக வேண்டும். இளம் வயதில் இரண்டு பாதமும் வில்லாக உயர்ந்து விரல்கள் மடங்கி வந்தாலோ, ஒரே காலில் மட்டும் வேகமாக மடங்கினாலோ நரம்பையும் முதுகுத்தண்டையும் பார்க்காமல் விரலை மட்டும் வைத்தியம் செய்வது வீண்.

செருப்புதான் முதல் மருந்து

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று தோலும் ஷூவுமாக வாழும் வட்டாரம் இது. ஆனாலும் காலை அளந்து செருப்பு வாங்குகிறவர்கள் குறைவு. "ஏழு நம்பர் குடுங்க" என்பதோடு சரி.

அளக்கும் முறை இது. மாலையில் அளந்து பாருங்கள், காலையில் அளந்த கால் மாலையில் வீங்கி ஷூவை நெருக்கும். பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தைத் தரையில் வைத்து, அதன் மேல் முழு எடையும் போட்டு நில்லுங்கள். வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரையட்டும். பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் அளவு குறையும், வெளிப்பக்கம் சாய்ந்தால் கூடும். இரண்டு காலையும் வரையுங்கள், பெரிய காலுக்குத்தான் செருப்பு. நீளத்தைப் பெருவிரலிலிருந்து எடுக்காமல், எந்த விரல் நீளமோ அதிலிருந்து எடுங்கள். பலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம், அதுவே முதலில் ஷூ நுனியில் முட்டி மடங்குகிற விரலும். வரைந்ததைக் கத்தரித்து ஷூவுக்குள் விட்டுப் பாருங்கள். தாளின் ஓரம் எங்கே மேலே சுருள்கிறதோ அங்கேதான் உங்கள் விரலும் நெருங்குகிறது. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் காலி இடம் வேண்டும்.

"அகலம் பத்தலையா, அடுத்த நம்பர் போட்டுக்கோங்க" என்று கடையில் சொல்வார்கள். அங்கேதான் தப்பு. ஒரு நம்பர் கூடினால் நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும், முன்பக்க அகலம் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கூடும். பனியன் உள்ளவருக்கு இந்த இரண்டு மில்லிமீட்டர் காணாது. ஆனால் எட்டரை மில்லிமீட்டர் நீளத்தால் குதிகால் கழன்று, ஒவ்வொரு அடியிலும் விரல்கள் மடங்கிச் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். விரல் மடங்கக் கூடாதென்று வாங்கிய செருப்பே மடங்கப் பழக்கும். அகலம் கூடிய வார்ப்பில் வந்த ஷூவைக் கேட்டு வாங்குங்கள். ஆர்டர் கொடுத்துத் தைத்தால், லாஸ்டில் (ஷூ தைக்க வைக்கும் கால் வடிவ அச்சில்) புடைப்பு வரும் இடத்தில் தோல் துண்டு ஒட்டி மேடாக்கித் தைக்கச் சொல்லுங்கள், தெரிந்த தொழிலாளிக்கு இது சின்ன வேலை. இருக்கும் தோல் ஷூவில் அந்த ஒரு இடத்தை மட்டும் இழுத்துவிடவும் செய்யலாம். ரெக்சினில் அது நடக்காது, இழுத்தாலும் பழையபடி சுருங்கும்.

வாங்கும்போது கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். தையல் விளிம்பு விரல் மூட்டுக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஹாமர், கிளா விரல் உள்ளவர்களுக்கு அகலத்தைவிட உயரம் முக்கியம், முன்பக்கம் மேலே மூட்டு உரசாத அளவு குடைவு வேண்டும். குதி உயரம் இரண்டரை சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பின்னால் வார் கட்டாயம்.

ஹவாய் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உணர்வுள்ள, நேரான காலுக்கு அதில் தோஷமில்லை. கிளா விரலுக்கு அது எதிரி, கழன்று போகாமல் இருக்க விரல் இறுக்கிப் பிடித்தே ஆக வேண்டும். மரத்த காலில் பெருவிரல் இடுக்கில் வார் அறுத்தாலும் தெரியாது. செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் வெறுங்காலோடு நடந்து போகிறவர்களும் உண்டு.

மரத்த காலுக்கு எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு. உள்ளே நுண் துளைகள் உள்ள மென்மையான ரப்பர் மெத்தை, அதன் கடினம் ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் சுமார் 15, தடிமன் 10 மில்லிமீட்டராவது. அடியில் முள் ஏறாத கெட்டியான ரப்பர். தரம் பார்க்க எளிய வழி: மெத்தையை ஓரத்தில் இரண்டு விரலால் நசுக்குங்கள். சுமார் பாதி தடிமனுக்கு அமுங்கி, விட்டதும் உடனே எழும்ப வேண்டும். அமுங்காவிட்டால் வெறும் ரப்பர், எழும்பாவிட்டால் வெறும் பஞ்சு. ஆணி அடிக்காமல் ஒட்டியும் தைத்தும்தான் செய்திருக்க வேண்டும். மெத்தையில் முன்மேட்டின் தடம் பள்ளமாகி அங்கே ரப்பர் எழும்பாமல் போனால் மேலே நன்றாக இருந்தாலும் அந்தச் செருப்பின் ஆயுள் முடிந்தது. புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றிச் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருபது நிமிடத்தில் சிவப்பு மறையாவிட்டால் அந்த இடத்தில் திருத்தம் வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது

இளகிய ஹாமர் விரலுக்கு டேப் உதவும், உணர்வும் ரத்த ஓட்டமும் சரியாக இருந்தால் மட்டும். அரை அங்குல மைக்ரோபோர் டேப், 15 சென்டிமீட்டர் நீளம். டேப்பின் நடுவை விரலின் அடிப்பகுதியில் மேலே வையுங்கள், மடங்கிய மூட்டின் மேல் வேண்டாம். இரு நுனிகளையும் விரலின் இரு பக்கமும் கீழே இறக்கி, உள்ளங்கால் முன்மேட்டில் ஒன்றையொன்று தாண்டி ஒட்டுங்கள். விரல் அடி கீழே இறங்கி நுனி நீளும். விரலை முழு வட்டமாகச் சுற்றிவிடக் கூடாது. ஒட்டியதும் நகத்தை அழுத்தி விடுங்கள், இரண்டு மூன்று விநாடியில் சிவப்பு திரும்ப வேண்டும். பகலில் போட்டு இரவில் கழற்றிவிடலாம்.

பனியனுக்கு விரலிடுக்கில் வைக்கும் சிலிக்கான் துண்டும், இரவில் கட்டும் கட்டையும் ஆன்லைனில் குவிந்து கிடக்கின்றன. பெரியவர்களுக்கு இவை எலும்பை நேராக்குவதில்லை. உரசலையும் வலியையும் குறைத்தால் அதற்காகப் போடலாம். ஷூவுக்குள் இடமில்லாமல் சிலிக்கானையும் திணித்தால் அடுத்த விரல் மேலே ஏறிக்கொள்ளும், இதுவும் அடிக்கடி நடக்கிறது.

பயிற்சிகளில் மூன்று போதும். ஒன்று, பெருவிரலைக் கையால் நேராக இழுத்து 30 விநாடி பிடித்தல், பத்து முறை. இரண்டு, விரல்களை மடக்காமல் முன்மேட்டைக் குதிகால் பக்கம் இழுத்துப் பாத வளைவை உயர்த்துதல், ஐந்து விநாடி வீதம் பத்து முறை. மூன்று, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கால் முட்டியை நீட்டிக் கெண்டைத் தசையை இழுத்தல். கெண்டை இறுகினால் முன்மேட்டில் பளு ஏறி விரல்கள் மடங்கும். துண்டை விரலால் சுருட்டி இழுக்கும் பயிற்சி மடக்கும் நாண்களுக்கே பலம் கூட்டும், கிளா விரல்காரர்கள் அதை விட்டுவிடலாம். இவையெல்லாம் இளகியதை இளகியதாக வைத்திருக்கத்தான், இறுகியதை இளக்காது.

கால் ஆணி மடங்கிய மூட்டின் மேல் வந்தால் அது விளைவு, காரணம் செருப்பு. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் நுரைக்கல்லாலோ காகித அரத்தாலோ மெல்லத் தேய்க்கலாம். நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள், மரத்த காலால் பார்க்க வேண்டாம். மரத்த காலை ஊறவைப்பதே வேண்டாம் என்பது இன்னும் நல்லது. எருக்கம்பால், சேங்கொட்டை, பிளேடு மூன்றும் கூடவே கூடாது. மருந்துக்கடைக் கார்ன் கேப்பில் இருப்பது சாலிசிலிக் அமிலம், ஆணியோடு நல்ல தோலையும் அரிக்கும். சர்க்கரை உள்ளவர் அதை ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் கீழே குழி இருக்கும்.

மே மாதத்தில் நம் ஊர்த் தார்ச்சாலையும் கோயில் கருங்கல்லும் கொதிக்கும். கால் மரத்தவர் பகலில் கோயில் போனால் கொப்புளத்தை வீட்டுக்கு வந்துதான் பார்ப்பார். விடிகாலையிலோ இருட்டிய பிறகோ போங்கள், தடித்த பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், கிளா விரலும் மரத்த முன்மேடும் உள்ளவர்கள் வெறுங்காலோடு அதைச் சுற்றக் கூடாது. அண்ணாமலையார் ஆட்டோவில் வந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விரல் கறுத்தாலோ, சீழோ நாற்றமோ வந்தாலோ, புண்ணின் அடியில் எலும்பு தட்டுப்பட்டாலோ, மரத்த பாதம் முழுதும் வலியில்லாமல் வீங்கிச் சூடானாலோ அன்றைக்கே மருத்துவமனை. கடைசியில் சொன்னது சார்கோ பாதமாக இருக்கலாம். வலி இல்லையென்று நடந்துகொண்டே இருந்தால் பாத எலும்புகள் நொறுங்கும்.

குழந்தைகள்

மூன்றாம் நான்காம் விரல் சுருண்டு பக்கத்து விரலடியில் போவது சின்னக் குழந்தைகளில் சகஜம். பல தானாகச் சரியாகும். கட்டுப்போட்டு வைப்பதால் பெரிய பயனில்லை. நடக்கத் தொடங்கிச் சில ஆண்டு ஆகியும் நகம் உரசிப் புண்ணானால் மடக்கும் நாணைத் தளர்த்தும் சின்ன அறுவை போதும். ஆறாவது விரல் இருந்தால் ஷூ போடும் வயதுக்கு முன், ஒரு வயது வாக்கில் எடுப்பது வழக்கம். நூல் கட்டி விழவைக்கும் வேலை வேண்டாம், உள்ளே எலும்பு இருக்கலாம். ஒட்டிய இரண்டாம் மூன்றாம் விரலை அப்படியே விட்டுவிடலாம். பள்ளி ஷூவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்குவதும், போன வருஷத்தையே நெருக்கிப் போடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கம்.

அறுவை எப்போது, எப்படி

நல்ல செருப்பு போட்டும் மாதக்கணக்கில் வலி நிற்காவிட்டால், புண் திரும்பத் திரும்ப வந்தால், இரண்டாம் விரல் பெருவிரல் மேல் ஏறிச் செருப்பே போட முடியாவிட்டால் அறுவை. கல்யாணத்துக்கு முன் கால் அழகாக வேண்டும் என்பது காரணமல்ல, வலியில்லாத காலில் கத்தி வைத்து வலியை வாங்கிக்கொள்ளக் கூடும்.

சர்க்கரையால் மரத்த காலில், இளகிய விரலின் நுனியில் மட்டும் புண் என்றால் வைத்தியம் வியப்பாகச் சிறியது. விரலை மரக்கச் செய்து, ஊசி முனையாலோ சிறு கத்தியாலோ அடியில் மடக்கும் நாணை வெட்டிவிடுவார்கள். சில நிமிட வேலை, புறநோயாளியாகவே வீட்டுக்குப் போகலாம். விரல் நீண்டு நுனி தரையை விட்டு எழும், புண் சில வாரத்தில் ஆறும். பிறகு பளு பக்கத்து விரலுக்குப் போகும், அதைக் கண்காணிக்க வேண்டும். ரத்த ஓட்டம் சரியில்லாத காலில் இதைக்கூட யோசித்துத்தான் செய்வார்கள்.

இளகிய கிளா, ஹாமர் விரலுக்கு மடக்கும் நாணை எடுத்து மேல்பக்கம் கொண்டுவந்து தைப்பார்கள், மடக்கிய நாணே நீட்டத் தொடங்கும். இறுகியதற்கு நடுமூட்டின் எலும்பு முனையைச் சீவி, நேராக்கி, நுனி வழியே மெல்லிய கம்பி செலுத்தி 4 முதல் 6 வாரம் வைத்திருப்பார்கள். பனியனுக்கு நீள எலும்பை வெட்டி நகர்த்தி ஸ்க்ரூ போடுவது வழக்கமான முறை. சாய்வு அதிகமானால் வெட்டும் இடம் பாதத்தின் நடுப்பக்கமாகப் போகும், கட்டுப்பாடும் நீளும். ஹாலக்ஸ் ரிஜிடஸ் தொடக்கத்தில் முண்டைச் சீவினால் போதும், முற்றியதற்கு மூட்டை இணைத்துவிடுவார்கள்.

போகும் முன் சர்க்கரைக் கட்டுப்பாடு, பீடி சிகரெட் நிறுத்தம், காலின் ரத்த ஓட்டச் சோதனை மூன்றும் முடிந்திருக்க வேண்டும். மெட்டியை முதல் நாளே கழற்றுங்கள். வீட்டில் பெரியவர்கள் தயங்குவார்கள்தான், ஆனால் வீங்கிய விரலில் மெட்டி கழுத்தை நெரிப்பது போல ரத்தத்தை நிறுத்திவிடும். இறுகி நின்றால் காலை அரை மணி நேரம் உயர்த்தி வைத்து, சோப்பு தடவி, தையல் நூலால் மெட்டிக்கு முன்னாலிருந்து விரல் நுனிவரை நெருக்கமாகச் சுற்றி, அதன் மேல் திருகி இழுங்கள். மூட்டைத் தாண்டியதும் நூலை உடனே பிரித்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைப்பதுதான் வேலை. தலையணை ஒன்று போதாது, இரண்டு வேண்டும். குதிகாலால் மட்டும் நடக்கவைக்கும் விசேஷச் செருப்பை 4 முதல் 6 வாரம் போட வேண்டும். வீட்டில் குந்தி உட்காரும் இந்தியக் கழிப்பறை மட்டும் இருந்தால் அறுவைக்கு முன்பே துளை நாற்காலி வாங்கி வையுங்கள். குந்தி எழும்போது முழு எடையும் விரல் அடிமூட்டில் விழும், கம்பி வளைவதும் வெட்டிய எலும்பு நகர்வதும் பல நேரம் அங்கேதான். சம்மணம் போட்டுப் பீடி சுற்றுகிறவர்களும் தறியில் மிதிப்பலகை மிதிக்கிறவர்களும் எலும்பு கூடும்வரை, ஆறிலிருந்து எட்டு வாரம், வேலைக்குத் திரும்ப முடியாது என்று முதலாளியிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. கம்பி நுனி நனையக் கூடாது. அதைச் சுற்றிச் சிவந்து கசிந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

வீக்கம் மூன்று முதல் ஆறு மாதம் இருக்கும், சிலருக்கு ஒரு வருஷம்கூட. விரல் கொஞ்சம் விறைப்பாக நிற்பது, நுனி தரையைத் தொடாமல் மிதப்பது, ஓரத்தில் கொஞ்சம் மரத்திருப்பது ஆகியவை நடக்கக்கூடியவை. சிலருக்குக் கோணல் திரும்பவும் வரும், பழைய குறுகிய செருப்புக்கே திரும்பினால் இன்னும் சீக்கிரம். மெட்டியை வீக்கம் முழுதும் வடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். வாய் மூடிய வளையத்தைவிட, விரித்து நெருக்கக்கூடிய திறந்த வளையமாக வாங்குங்கள்.